முப்பது சென்ரிமீற்றருக்குக் கீழே

கஜலக்சுமியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னை நல்லவள் எண்டு எழுதப்போறியோ?" என்பதுதான்.

"நடந்ததை எழுதப்போறன்" என்றேன்.

"அப்ப சரி. மண்ணைக் கிண்டினது நான்தான் எண்டதை முதலே எழுதிப்போடு. பிறகு வாசிக்கிற சனம், இவள் உதை மறைச்சுப்போட்டாள் எண்டு சொல்லக்கூடாது."

ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன். மண்ணைக் கிண்டியது அவள்தான்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. பீல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். கணவர் மாரடைப்பில் போய் ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்து, இருபத்தொரு வயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. ஒருமுறை கடையில் வாங்கிய பயற்றில் கல் இருந்ததென்று, அந்தக் கல்லைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு மூன்று தரம் அதே கடைக்குப் போய் வந்தவள். மூன்று தரமும் பக்கத்தில் நின்று வெட்கப்பட்டவள் நான்.

நான் சுசீலாதேவி. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் எங்கள் சனத்துக்கு ஜேர்மன் மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

பீலிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு சிற்றூர் வரும். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே வீடு வைத்திருப்பவர்கள் பாவம். ஆற்றோரமாக எண்பது துண்டுத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மரக்குடில், ஒரு கொடிக்கம்பம், தண்ணீர்ப் பீப்பாய். முதலில் இத்தாலியர்கள் செய்தார்கள், பிறகு போர்த்துக்கேயர், இப்போது ஒன்பது தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கணவர் இறந்த வருடம் கஜலக்சுமிக்கு ஒரு துண்டு கிடைத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்து அந்த வருடத்தில் நான் கண்டது, குடிலின் திறப்பைக் கையில் வாங்கிய அன்றைக்கு மட்டுந்தான்.

தோட்டச் சங்கத்தின் ஒப்பந்தம் எட்டுப் பக்கம். அதை நான்தான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். பதினோராவது விதி: முப்பது சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாகக் கிண்டக்கூடாது.

"ஏனாம்?" என்று கேட்டாள்.

விதியில் காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை. "தண்ணிக் குழாய் ஏதும் போகுதாக்கும்" என்றேன். அது என் சொந்தக் கற்பனை. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத வேலை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் சங்கத்தின் கதவைத் தட்டிக் கேட்டிருப்பாள். கேட்காமல் விடுகிற ஆள் அல்ல.

இந்த நாட்டவர்கள் தோட்டத்தை முள்ளுக்கரண்டி போன்ற ஒன்றால் குத்தி, மேல் மண்ணை மட்டும் இளக்கிவிடுவார்கள். கஜலக்சுமிக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரும். ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்து, ஊரிலிருந்து பெட்டியில் மண்வெட்டி அலகொன்று கொண்டுவரச் செய்தாள். அதற்குப் பிடி போட்டு, பாத்தி கட்டுவதற்கு நிலத்தைக் கொத்திப் புரட்டினாள். குழாய் எதுவும் வரவில்லை. ஒரு முழம் போகுமுன்னரே, மாவரித்ததுபோல மெல்லிய சாம்பல் நிற மணல் வந்தது.

அவளுக்குப் பெரிய சந்தோசம். கீரை விதை கடுகிலும் சிறியது. அப்படியே எறிந்தால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் மொட்டையாக இருக்கும். அதனால் ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு நல்ல மணல் கலந்து தூவுவது எங்கள் ஊர்ப் பழக்கம். மணலுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு அது காலடியிலேயே கிடந்தது. தோட்டத்தின் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினாள். மணலை அரித்தாள், காயவைத்தாள், விதையோடு கலந்து வெறும் ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டு மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கும் கொடுத்தாள். மிஞ்சிய மணலைப் பாத்திகளின் மேலும் தூவினாள், தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும் என்று. அந்த வருடம் முளைக்கீரை முழங்காலளவு வளர்ந்தது. பீலில் அவளிடம் கீரை வாங்கிச் சாப்பிடாத தமிழ் வீடு குறைவு. நானும் சாப்பிட்டேன்.

கீரையை அவள் வெட்டுவதில்லை. வேரோடு பிடுங்கி, பிடி பிடியாகக் கட்டி, பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவாள். அடுத்தநாள் காலை வீட்டு மண்டபத்தில் பாயைப் போட்டு, அதன்மேல் பேப்பர் விரித்து, காலை நீட்டியிருந்து ஆய்வாள். எங்கள் வீடுகளில் கீரை ஆயும் முறை அதுதான். குசினி மேசையில் நின்றுகொண்டு ஆய்ந்தால் அது கீரை ஆய்ந்ததாகவே தோன்றாது.

செவ்வாயும் வெள்ளியும் அவள் கீரை ஆயும்போது பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கும். தர்மிகா. மேல்மாடியில் இருக்கும் யதுஷாவின் மகள். யதுஷா கலியாணம் செய்து இங்கே வந்து ஐந்து வருடம். பகலில் ஜேர்மன் படிப்பதும் ஒரு கடையில் தட்டு அடுக்குவதும் அவள் வேலை. கணவன் விஜிதரன் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நிற்பவன். பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்காமல் அந்த இரண்டு நாளும் குழந்தையைக் கஜலக்சுமியிடம் விட்டார்கள். எட்டு மாதத்திலிருந்து அந்தப் பாயில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளை அது. கஜலக்சுமியைக் "கயா" என்று கூப்பிடும். அந்தக் குரல் கேட்டால் எங்கே நின்றாலும் ஓடுவாள். அவளுக்கு அந்தப் பிள்ளை என்றால் உயிர்.

தர்மிகாவுக்கு இரண்டு வயதாகிய ஜூன் மாதம், பிள்ளை வெளிறிப் போயிருக்கிறது, சாப்பிடுகிறதில்லை, சும்மா சும்மா அழுகிறது என்று மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். இரத்தச்சோகை என்று இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். மாறவில்லை. மறுபடி இரத்தம் எடுத்தபோது மருத்துவர் இன்னொன்றையும் அளக்கச் சொன்னார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது" என்றார் மருத்துவர். "லீற்றருக்குத் தொண்ணூற்றாறு மைக்ரோகிராம். ஐம்பதைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும். மூளை வளர்கிற வயது. பொறுத்துப் பார்க்க நேரமில்லை."

நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்னரே யதுஷா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அடுத்த கிழமை ஒரு தாதி கேள்விக் கொத்தோடு யதுஷா வீட்டுக்கு வந்தார். குங்குமம் பூசுவீர்களா? கண்ணுக்கு மை? ஊரிலிருந்து லேகியம், சூரணம்? சரக்குத்தூள் எந்தக் கடை? பித்தளைப் பாத்திரம்? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சின்னப் பைகளில் போட்டார். பதினான்கு பை. மஞ்சள்தூளை அவர் இடுக்கியால் தூக்கியபோது எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த எரிச்சலில் பாதி பயம். குங்குமத்திலும் லேகியத்திலும் ஈயம் அகப்பட்ட கதைகளை நானும் வாசித்திருக்கிறேன்.

பதினான்கும் சுத்தம் என்று பதில் வந்தது.

அந்தக் கொத்தில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: பிள்ளை காய்கறித் தோட்டங்களுக்குப் போவதுண்டா? நான் கேட்டேன். "இல்லை, பிள்ளையை ஒருநாளும் அங்க கொண்டுபோறேல்லை" என்றாள் யதுஷா. அதுதான் உண்மை. பஸ்ஸில் பிள்ளைக்குச் சத்தி வரும் என்று கஜலக்சுமியும் கூட்டிப்போவதில்லை. "இல்லை" என்று மொழிபெயர்த்தேன். தாதி கட்டத்தில் ஒரு கோடு போட்டார். பிசகில்லாத கேள்வி, பிசகில்லாத பதில், பிசகில்லாத மொழிபெயர்ப்பு. ஆனால் பிள்ளையின் உடம்பில் நஞ்சு ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்து கிழமை கழித்து எண் நூற்றுப் பன்னிரண்டு.

ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. காலை ஒன்பது மணியிருக்கும். கஜலக்சுமி ரெலிபோன் எடுத்தாள்.

"சுசீலா, கீழ வா."

"என்ன?"

"வா எண்டால் வா."

போனேன். மண்டபத்தின் நடுவில் பாய். பேப்பரின்மேல் பாதி ஆய்ந்த கீரை. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். பிள்ளையின் கையையும் வாயையும் கழுவியிருந்தாள், சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"எச்சில் விரலைப் பேப்பரில ஒத்தி ஒத்தி வாய்க்குள்ள வைக்குது" என்றாள். "சீனி தொட்டுச் சாப்பிடுற மாதிரி. அந்த மண்ணை. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன், அதுபாட்டுக்கு வைக்குது. இவ்வளவு நாளும் வைச்சிருக்கும். நான் கீரையைப் பாத்தனான், பிள்ளையைப் பாக்கேல்லை."

பேப்பரைப் பார்த்தேன். வேர்களிலிருந்து உதிர்ந்த சாம்பல் மணல், மா போல.

"தோட்டத்து மண்ணில ஈயம் இருக்கெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளை தோட்டத்துக்குப் போறேல்லை எண்டு எழுதிக்கொண்டு போச்சினம். தோட்டமெல்லோ இஞ்ச வருது!"

அன்றைக்கே மூன்று ஜாம் போத்தல்களைக் கழுவித் துடைத்தாள். ஒன்றில் குழியிலிருந்து எடுத்து வைத்திருந்த சாம்பல் மணல். ஒன்றில் கீரை வேர். மூன்றாவதில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கிழித்து அதற்குள் இருந்த தூசு. அந்த மூன்றாவது எனக்குத் தோன்றியிருக்காது. ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதி ஒட்டினாள். நான் கீழே ஜேர்மனில் எழுதி, சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கொடுத்தேன்.

"முடிவு வரட்டும், பிறகு யதுஷாவுக்குச் சொல்லுவம்" என்றேன்.

"இல்லை. செவ்வாய்க்கிழமை திரும்பப் பிள்ளையை இஞ்ச விடப்போறாள். இண்டைக்கே சொல்லவேணும்."

பின்னேரம் யதுஷா வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவிடாமல், வாசலில் வைத்தே கஜலக்சுமி சொன்னாள். மணல், விதை, பாய், விரல், எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை. யதுஷா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கினாள்.

"உங்களை நம்பித்தானே அக்கா விட்டனான்" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மேலே கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிள்ளை "கயா" என்று ஒருதரம் கூப்பிட்டது. கஜலக்சுமி குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குமுன் ஒரேயொரு தடவை, கணவரின் செத்தவீட்டில், அவள் அழுது பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இதைவிடக் குறைவாகத்தான் அழுதாள்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாயைச் சுருட்டினாள். "ஆர் ஆருக்குக் கீரை குடுத்தனான் எண்டு எழுது" என்றாள். இருபத்தாறு வீடு. அதில் சின்னப்பிள்ளைகள் இருப்பது பதினொன்றில்.

பதினொரு வீட்டுக்கும் நடந்தாள். வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே விடயத்தைச் சொன்னாள்: என்னிடம் வாங்கின கீரையில் நஞ்சு மண் இருந்திருக்கலாம், பிள்ளைக்கு இரத்தம் பாருங்கள். சிலர் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார்கள். ஒருத்தி, "அப்ப எங்களுக்கு நஞ்சையோ தந்தனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம், தெரியாமல்" என்றாள் கஜலக்சுமி. வேறென்ன சொல்வது?

எதிர்ப்பு வந்தது மகேந்திரனிடமிருந்து. அடுத்த துண்டுத் தோட்டக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே துண்டு எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

"தங்கச்சி, உந்தக் கதையை வெளியில கதையாதையும். வெள்ளைக்காரருக்குச் சாட்டுக் கிடைச்சால் போதும். தமிழர் மண்ணைக் கெடுத்துப்போட்டினம் எண்டு எங்கட ஒம்பது துண்டையும் பறிச்சுப் போடுவாங்கள்."

"பறிக்கட்டும் அண்ணை."

"உமக்கென்ன, லேசாச் சொல்லுறீர்."

"எனக்கு உந்தத் தோட்டத்தை விட்டால் வேறை என்ன இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லுறன். உங்கட பேரனும் இருக்கிறான் அண்ணை. நாலு வயசு. நாளைக்கு இரத்தம் எடுப்பியுங்கோ."

அவர் எடுப்பித்தார். பேரனுக்கு ஐம்பத்தெட்டு. பதினொரு வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஐம்பதுக்கு மேல்.

போத்தல்களின் முடிவை மருத்துவர் மூலம் மாநில அரசின் கன்ரோன் அலுவலகம் அனுப்பியது. குழி மணலில் ஈயம் அவர்கள் அனுமதிக்கும் எல்லையைப்போல் ஆறு மடங்கு. வீட்டுத் தூசியிலும் எல்லைக்கு மேல். கூடவே ஒரு பக்கத்தில் வரலாறும் எழுதியிருந்தார்கள். மலையில் முன்னொரு காலத்தில் ஈயச் சுரங்கம் இருந்தது. தோண்டிய கல்லை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து மாவாக இடித்து, ஈயத்தைப் பிரித்து எடுத்தார்கள். மிஞ்சிய கழிவு மணலைச் சதுப்பு நிலத்தில் கொட்டினார்கள். சுரங்கம் மூடி எழுபது வருடமாகிறது. பிறகு அந்த நிலத்தின்மேல் ஒரு படை நல்ல மண்ணைப் போட்டுத் தோட்டங்களாகப் பிரித்தார்கள். அந்தப் படையின் தடிப்பு முப்பது சென்ரிமீற்றர்.

தண்ணிக் குழாய் என்று நான் சொன்னது நினைவில் வர, அதை வாசித்துச் சொன்னேன். கஜலக்சுமி என்னைப் பார்த்தாள். "அப்ப ஒராளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "தெரிஞ்சுதான் விதி எழுதியிருக்கினம். ஏன் எண்டு எழுதினால் ஒருத்தரும் துண்டு எடுக்காயினம்."

கடிதத்தின் முடிவுதான் அவளை உண்மையில் சூடேற்றியது. எண்பது தோட்டத்திலும் மேல்மண்ணை அளந்ததில் சராசரி எல்லைக்குள் இருக்கிறது, வழமையான பயன்பாட்டில் ஆபத்தில்லை, காய்கறியைக் கழுவவும், பிள்ளைகளைத் தோட்டத்தில் விளையாட விடவேண்டாம், விதியை மீறி ஆழமாகக் கிண்டப்பட்ட ஒரு துண்டு மட்டும் மூடப்படும். அந்த ஒரு துண்டு அவளுடையது.

"அதாவது பிழை என்னோட முடிஞ்சுது" என்றாள். "மிச்ச எழுபத்தொம்பதிலயும் பிள்ளையள் சாப்பிடட்டும்."

செப்டம்பர் கடைசியில் சங்கம் விசேட கூட்டம் கூட்டியது. ஊர் மண்டபத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட நீண்ட மேசைகள், கோப்பி, கேக். எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முன் மேசையில் சங்கத் தலைவர் மோசர், பக்கத்தில் கன்ரோன் அலுவலகத்திலிருந்து வந்த மண் நிபுணர். நிபுணர் மரியாதையான மனிதர், முகத்தில் கள்ளமில்லை. வரைபடம் காட்டினார், சராசரியை விளக்கினார். யதுஷாவும் வந்திருந்தாள். கடைசி வரிசையில், எங்களைப் பார்க்காமல் இருந்தாள்.

மோசர் எழும்பி, "வருந்தத்தக்க விதிமீறல்" என்று ஆரம்பித்தார். கஜலக்சுமி கையை உயர்த்தினாள். நான் மொழிபெயர்க்கத் தயாராக எழும்பினேன். "நீ இரு" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய சமையலறை ஜேர்மனில் தானே கதைத்தாள். அந்த ஜேர்மனை இங்கே தமிழில்தான் எழுத முடியும்.

"ஓம், நான் கிண்டினன். விதி பதினொண்டு, எனக்குத் தெரியும். என்ர பிழை. என்ர துண்டை மூடுங்கோ. ஆனால் அகழெலிக்கு விதி பதினொண்டை ஆர் வாசிச்சுக் காட்டினது?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ரெலிபோனில் எடுத்த படங்களை நான் முன்னுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தோட்டம் முழுக்க, ஆழத்தில் வளை தோண்டும் அகழெலிகள் மேலே தள்ளிய மண் குவியல்கள். இத்தாலியக் கிழவரின் தக்காளிப் பாத்தியில், போர்த்துக்கேயரின் வாசலில், சங்கத்தின் கொடிக்கம்பத்தடியிலும்கூட. குவியல்களின் உச்சியில் சாம்பல் நிறம். சிரிப்பு நின்றது.

நிபுணர் படங்களை உற்றுப் பார்த்தார். "இது முக்கியமான தகவல்" என்றார். "ஆனால் நாங்கள் ஆபத்தைக் கணக்கிடுவது மண்ணோடு பிள்ளைகளுக்குள்ள தொடர்பை வைத்து. உங்கள் பிள்ளைகள் யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் படிவங்களில் இருக்கிறது."

"ஓம். போறேல்லை" என்றாள் கஜலக்சுமி.

அவள் பையிலிருந்து நேற்றைய பேப்பரை எடுத்தாள். முன் மேசைக்குப் போய், வெள்ளை விரிப்பின்மேல் அதை விரித்தாள். பிறகு ஒரு பிடி கீரையை வெளியே எடுத்தாள், வேரோடு. அது மகேந்திரனின் பாத்தியிலிருந்து அன்று காலை பிடுங்கியது. அவரே பிடுங்கிக் கொடுத்தார்.

"எங்கட வீட்டில கீரை இப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டு ஆயத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு செடியாக எடுத்து, வேரைப் பேப்பரில் தட்டி, இலையை ஒடித்து, தண்டைப் புறம்பாக வைத்தாள். காய்ந்த மண் உதிர்ந்தது. நாலாவது செடியைத் தட்டும்போது சன்னலால் வந்த வெளிச்சத்தில் மெல்லிய தூசு எழும்பியது எல்லோருக்கும் தெரிந்தது.

நிபுணர் தன் கோப்பிக் கோப்பையைப் பக்கத்துக்கு இழுத்து, அதன் வாயைக் கையால் மூடினார்.

கஜலக்சுமி நிறுத்தினாள்.

"நீங்கள் மூடினீங்கள்" என்றாள். "எனக்கும் மூடத் தெரிஞ்சிருக்கும், ஏன் எண்டு ஒராள் சொல்லியிருந்தால். அந்தப் பிள்ளை இந்தப் பேப்பருக்குப் பக்கத்தில ஒண்டரை வருசம் இருந்தது."

நிபுணர் தன் கையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது. கொஞ்சம் பொறுத்து, "படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை" என்றார் மெதுவாக. "இருந்திருக்க வேண்டும்."

அதன்பிறகு முதலில் எழும்பியது இத்தாலியக் கிழவர். நாற்பது வருடமாக அங்கே தக்காளி செய்பவர். பதினோராவது விதி யார் எழுதியது, எப்போது எழுதியது, ஏன் காரணம் எழுதவில்லை என்று மேசையில் தட்டித் தட்டிக் கேட்டார். தனக்கு முந்திய தலைவரிடமிருந்து அப்படியே வந்தது என்றார் மோசர். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்க நினைக்காத மனிதர், என்னைப்போல.

பஸ் தரிப்பிடத்தில் யதுஷா எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது.

"போன கிழமை எண்பத்தொண்டாம்" என்றாள். "குறையுது."

கஜலக்சுமி தலையை ஆட்டினாள்.

"கயா எங்க, கயா எங்க எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டாள் யதுஷா. கோபமாகத்தான் கேட்டாள். அந்தக் கோபத்தை அவளிடமிருந்து யாரும் எடுக்கமுடியாது, எடுக்கவும் கூடாது.

"வீட்டை வந்து பார்" என்றாள் கஜலக்சுமி. "பாயை எறிஞ்சிட்டன். நிலத்தை எட்டுத் தரம் ஈரத்துணியால துடைச்சிட்டன். தூசை எடுத்து நீ விரும்பின இடத்தில அளந்து பார். சரியெண்டால் விடு. இல்லையெண்டால் விடாதை."

யதுஷா அதைச் சொல்லளவில் எடுக்கவில்லை. உண்மையிலேயே தூசை எடுத்துக்கொண்டுபோய் அளப்பித்தாள். நவம்பரில் முடிவு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கஜலக்சுமி வீட்டு மணி அடித்தது.

எண்பது தோட்டமும் மூடப்பட்டுவிட்டன. ஊரில் ஆறு வயதுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்தார்கள். இத்தாலியக் கிழவரின் கொள்ளுப்பேத்தி உட்பட இன்னும் ஐந்து பேர் அகப்பட்டார்கள். கேள்விக் கொத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள்: தோட்டத்துப் பயிரை வீட்டில் எங்கே வைத்துச் சுத்தம் செய்கிறீர்கள்? மகேந்திரன் துண்டு போன கவலையில் இரண்டு மாதம் கஜலக்சுமியோடு கதைக்கவில்லை. பிறகு பேரனின் எண் முப்பதுக்கு வந்ததும், அதைச் சொல்ல அவளுக்குத்தான் முதலில் ரெலிபோன் எடுத்தார்.

போன ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் கீழே போனபோது தர்மிகா குசினி மேசையில் இருந்து பருப்புச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எண் நாற்பத்தொன்று. கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு வந்திருந்தது. பேச்சு மட்டும் வயதுக்குக் குறைவு. அது ஈயத்தாலா, இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை, இனியும் சொல்லமாட்டார்கள். கஜலக்சுமி அந்தப் பிள்ளையோடு நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே இருக்கிறாள். பானையை, கரண்டியை, பஸ்ஸை, மழையை, எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லி. கீரை இனி கடையில் வாங்குவதுதான்.

அன்று கன்ரோன் அலுவலகத்திலிருந்து புதுக் கடிதம் வந்திருந்தது. வாசித்துச் சொன்னேன். வசந்தகாலத்தில் தோட்டத்து மண் முழுவதும் இரண்டு மீற்றர் ஆழத்துக்கு அகற்றப்படும். புதிய மண் போடப்படும். பழைய துண்டுக்காரருக்கு முன்னுரிமை உண்டு, திருமதி கஜலக்சுமி உட்பட. எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது.

"நல்ல செய்தி" என்றேன்.

"கழிவு மண்ணை என்ன செய்யினமாம்?"

திரும்ப வாசித்தேன். "பொருத்தமான இடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் எண்டு இருக்கு."

"பொருத்தமான இடம் எண்டால் எந்த இடம்?"

கடிதத்தைப் புரட்டிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. வாயில் ஒரு பதில் வந்தது, ஆளில்லாத இடமாக்கும் என்று. அதை விழுங்கினேன்.

"தெரியாது" என்றேன்.

கஜலக்சுமி பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, மேசையின் மறுபக்கத்தைத் துடைத்து, ஒரு வெள்ளைத்தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தாள். தானும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"எழுது" என்றாள். "எந்த ஊருக்குக் கொண்டுபோறீங்கள், அங்க ஆர் இருக்கினம், அவைக்குச் சொல்லிப்போட்டியளோ எண்டு கேட்டு எழுது."